பட்டதாரி சம்பந்தனும் பால்வெட்டுத் தொழிலாளியின் பணமும்

செல்வர் ஒருவர் மறைந்தால் நாளேடுகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் ஆனந்த கிருஷ்ணன் காலமானபோதும் அப்படித்தான் எழுதின. பிரிக்பீல்ட்ஸில் பிறந்த தமிழ்ப்பிள்ளை மெல்பர்ன் பல்கலைக்கழகத்திலும் ஹார்வர்டிலும் படித்துப் பட்டம் பெற்றதையும், எண்ணெய் வாணிபம், தொலைபேசி, துணைக்கோள், தொலைக்காட்சி என்று ஒவ்வொரு துறையிலும் முதலீடு செய்து நாட்டின் பெருஞ்செல்வருள் ஒருவரானதையும் அவை விரிவாகக் கூறின. நம்மில் பலர் அதைப் பெருமையோடு படித்தோம். படித்ததில் தவறில்லை. உழைத்து உயர்ந்தவரைக் குறை சொல்வது நமது நோக்கமுமன்று.

ஆனால், பால்மரக் காட்டிலும் கிராணி மேசையிலும் உழைக்கிறவர்களுக்காக நடக்கும் பத்திரிகை இது. பல்கலைக்கழகத்தில் படித்து, பணத்தின் போக்கை அறிந்து, பிறர் பணத்தை முதலாகத் திரட்டிக் காட்டிய ஒரு பெரியவரை நாம் நினைவுகூர வேண்டுமென்றால், நமது அளவுகோல் வேறு. அவர் எத்தனை கோடி சேர்த்தார் என்று நாம் கேட்பதில்லை. விடியுமுன் பிரட்டுக்கு ஓடிய தொழிலாளியின் கையில் அவர் என்ன வைத்துவிட்டுப் போனார் என்றுதான் கேட்கிறோம். அப்படிக் கேட்டால் நம் நெஞ்சில் முதலில் எழும் பெயர் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களுடைய பெயரே.

சம்பந்தன் 1919-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தையார் வீராசாமி தமிழ்நாட்டிலிருந்து வந்து, பாடுபட்டு, ரப்பர் நிலத்துக்கு உடைமையாளரானவர். ஆகவே சம்பந்தன் ஏழை வீட்டுப் பிள்ளையல்லர். லயத்தில் பிறந்தவருமல்லர். இதை மறைத்துப் பேசவேண்டிய அவசியம் நமக்கில்லை. ரப்பர் நிலத்தின் விலை என்ன, அதன் வரவு என்ன, செலவு என்ன என்பதைச் சிறுவயதிலேயே வீட்டிலிருந்து கற்றவர் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

உயர்கல்விக்காக அவர் சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று பட்டம் பெற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தை 1929-இல் நிறுவியவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். நகரத்தார் குலத்துப் பெருஞ்செல்வர். பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளை நாம் அறிவோம். நமது பாட்டன்மார்களில் பலர் நகையை அடகுவைத்ததும், சிறுதோட்டக்காரர்கள் நிலத்தை ஈடுவைத்ததும் அந்தக் கடைகளில்தான். பணத்தைப் பணத்தால் பெருக்கும் கலையில் தேர்ந்த ஒரு குலத்தவர் கட்டிய கல்விக்கூடத்தில் படித்த இளைஞர், பின்னாளில் அதே கலையைப் பால்வெட்டுத் தொழிலாளிக்காகப் பயன்படுத்தினார் என்பதை நினைக்கும்போது வியப்பே மேலிடுகிறது.

படிப்பு முடிந்து தாயகமான மலாயாவுக்குத் திரும்பிய சம்பந்தன் பொதுவாழ்வில் இறங்கினார். 1954-இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை என்னும் தமிழ்ப்பள்ளி அவருடைய முயற்சியால் எழுந்தது. 1955-இல் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரானார். அதே ஆண்டு தொழில் அமைச்சரானார். சுதந்திர மலாயாவின் முதல் அமைச்சரவையில் சுகாதார அமைச்சராகவும், பின்னர் நெடுங்காலம் மராமத்து, தபால், தந்தித் துறைகளின் அமைச்சராகவும் இருந்தார். 1973-இல் கட்சித் தலைமையை விட்டு விலகினார். 1979-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் காலமானார். பிரிக்பீல்ட்ஸ் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பதவிகளை அடுக்கிச் சொல்வதற்காக இக்கட்டுரையை நாம் எழுத முன்வரவில்லை. பதவி வரும், போகும். தொழிலாளிக்கு அவர் செய்த ஒரே ஒரு வேலையைப் பற்றித்தான் பேச விரும்புகிறோம். அதைப் புரிந்துகொள்ள 1950-களின் நிலைமையைச் சற்றே நினைவுக்குக் கொண்டுவர வேண்டும்.

கொரியப் போரின்போது ஏறிய ரப்பர் விலை பிறகு இறங்கிற்று. செயற்கை ரப்பர் போட்டிக்கு வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தோட்டங்கள் பலவற்றில் மரங்கள் முதிர்ந்து பால் குறைந்துவிட்டன. அவற்றை வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்தால் மறுபடி கத்தி வைக்க ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நாடு சுதந்திரம் அடையப்போகிறது, இனி நமது சொத்து என்னவாகுமோ என்ற அச்சம் வேறு. ஆகவே பல கம்பெனிகள் வந்த விலைக்குத் தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பலேற முனைந்தன.

வாங்கியவர்கள் யார்? தோட்டத்தைத் தோட்டமாக நடத்த வந்தவர்கள் சிலர்தாம். பலர் தரகர்கள். ஆயிரம் ஏக்கர்த் தோட்டத்தை மொத்தமாக வாங்கி, பத்தும் இருபதுமாக வெட்டி, துண்டு துண்டாக விற்று லாபம் பார்த்தவர்கள். நூறு ஏக்கருக்குக் குறைந்த துண்டு கணக்கில் எஸ்டேட் அன்று, சிறுதோட்டம். அங்கே சங்கத்தின் சம்பள ஒப்பந்தம் எட்டாது. ஆஸ்பத்திரி, ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம் என்பனவெல்லாம் யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. புதிய துண்டுக்காரர் தம் குடும்பத்தையோ குறைந்த கூலிக்கு வேறு ஆளையோ வைத்து மரம் வெட்டிக்கொள்வார். இருபது ஆண்டுகள் அதே நிரையில் பால் வெட்டியவனுக்கு வேலை போயிற்று. வேலை போனதும் லயத்து வீடும் போயிற்று. ஏனென்றால் வீடு அவனுடையதன்று. வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்த வீடு அது.

தோட்டத் துண்டாடல் என்று பெயர்பெற்ற இந்தக் கொடுமையைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் 1951 முதல் 1960 வரையிலான காலத்துக்கு ஆராய்ந்து அறிக்கை தந்தார். நமது தொழிற்சங்கம் மேடைதோறும் கண்டித்தது. துண்டாடலைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. கோரிக்கைக்குக் காது கொடுப்பதற்குள் தோட்டங்கள் கைமாறிக்கொண்டே இருந்தன.

இந்தச் சமயத்தில்தான் சம்பந்தன் வேறொரு கோணத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டார். தோட்டம் விற்பனைக்கு வருகிறது. தரகன் வாங்குகிறான். அவன் மட்டும் என்ன, முழுப்பணத்தையும் தன் மடியிலிருந்தா எடுக்கிறான்? பத்துப் பேரிடம் திரட்டுகிறான், வங்கியில் கடன் பெறுகிறான், வாங்குகிறான், விற்கிறான். அந்தக் காரியத்தை மரம் வெட்டுகிறவர்களே சேர்ந்து செய்தால் என்ன?

பட்டணத்தில் முதலீட்டு வங்கியாளர் என்று சிலரைச் சொல்கிறார்கள். நல்ல உடுப்பு உடுத்தி, குளிரூட்டிய அறையில் இருப்பவர்கள். அவர்கள் தொழிலைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: பலரிடம் சிதறிக் கிடக்கும் பணத்தைப் பங்குகளாகத் திரட்டுவது, எந்தச் சொத்து என்ன விலைக்குத் தகும் என்று மதிப்பிடுவது, மீதிக்குக் கடன் ஏற்பாடு செய்வது, வாங்கிய பின் வரவைப் பங்குதாரருக்குப் பிரிப்பது. சம்பந்தன் எந்த வங்கியிலும் மேசை போட்டு உட்கார்ந்தவரல்லர். என்றாலும் 1960-இல் அவர் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் செய்தது இதே தொழிலைத்தான். ஒரே ஒரு வேறுபாடு. பட்டணத்து வங்கியாளர் பணக்காரரிடம் போவார். இவர் பால்வாளி தூக்குகிறவனிடம் போனார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தொழிலாளி மாதம் 10 வெள்ளி கட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் அவனிடம் 120 வெள்ளி. அதைக் கொண்டு அவன் அரைக்காணி நிலமும் வாங்க முடியாது. ஆயிரம் பேர் கட்டினால் ஆண்டுக்கு 1,20,000 வெள்ளி. பத்தாயிரம் பேர் கட்டினால் 12,00,000 வெள்ளி. இப்போது தோட்டம் விற்கிற துரை இவனைத் திரும்பிப் பார்த்தே ஆகவேண்டும். கூட்டுச்சீட்டுப் பிடித்துத் தாலி செய்தவர்களுக்கும், பிள்ளைக்குக் காதுகுத்தியவர்களுக்கும் இக்கணக்கு புதிதன்று. சீட்டில் சேரும் பணம் ஒருவன் கைக்குப் போய்க் கரைகிறது. கூட்டுறவில் சேரும் பணம் நிலமாக நிற்கிறது. இதைத்தான் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று எடுத்துரைத்தார்.

கேட்டவர்கள் உடனே நம்பிவிட்டார்களா? இல்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது. சேமிப்பு என்று வாங்கிக்கொண்டு ஓடியவர்களையும், கணக்குக் காட்டாத கங்காணிகளையும் கண்டவர்கள் அவர்கள். மந்திரியே வந்து கேட்கிறாரே, தேர்தலுக்கா, கட்சிக்கா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆயினும் பணம் சேர்ந்தது. கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. தொடர்ந்து வேறு தோட்டங்களும் வாங்கப்பட்டன. துண்டாடப்பட்டுச் சிதறியிருக்கவேண்டிய தோட்டங்கள் முழுத் தோட்டங்களாக நிலைத்தன. அங்கே மரம் வெட்டியவர்கள் மூட்டை கட்டவில்லை. கோலாலம்பூரில் ஜாலான் சுல்தான் சுலைமானில் துன் சம்பந்தன் மாளிகை என்ற பெயரோடு அச்சங்கத்தின் கட்டடம் நிற்கிறது. அதன் அடித்தளத்திலுள்ள ஒவ்வொரு கல்லும் வெட்டுக்காட்டில் விழுந்த வியர்வை என்று சொன்னால் அது வெறும் மேடைப்பேச்சு ஆகாது.

புகழ்ந்தது போதும். தொழிற்சங்கத்தாராகிய நாம் குறையையும் கூறக் கடமைப்பட்டவர்கள்.

முதற்குறை, இந்த யோசனையின் மேல் அன்றே எழுந்தது. அந்நியக் கம்பெனிகள் நமது உழைப்பால் பல தலைமுறை லாபம் தின்றன. அவர்கள் போகும்போது அந்தத் தோட்டத்துக்கு நாமே விலையும் கொடுக்க வேண்டுமா? அரசாங்கமல்லவா தலையிட்டிருக்க வேண்டும்? இக்கேள்வி நியாயமானது. கூட்டுறவு, சட்டத்துக்கு மாற்றாக முடியாது. சங்கம் காப்பாற்றிய தோட்டங்கள் சில. துண்டாடப்பட்டவை பல. ஒரு மந்திரியாக அவர் துண்டாடலுக்கு எதிராக இன்னும் கடுமையாகப் போராடியிருக்கலாம் என்பது நமது கருத்து. ஆனால் வீடு எரியும்போது தீயணைப்புச் சட்டம் பற்றி வாதாடிக்கொண்டிராமல் கையில் கிடைத்த வாளியோடு ஓடியவர் அவர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது குறை, 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ஒட்டியது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச்சீட்டுப் பெறவேண்டும் என்று அது விதித்தது. இம்மண்ணில் முதுகு வளைந்த பல்லாயிரம் தமிழர்கள் அதன் பின்னர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களுடைய கண்ணீருக்கு அன்றைய இந்தியத் தலைமை முழுவதுமே பதில் சொல்லவேண்டியது. சம்பந்தனும் அதற்கு விலக்கல்லர்.

மூன்றாவது, கூட்டுறவுத் தோட்டமும் ஒரு தோட்டமே. அங்கேயும் கண்டக்டர் உண்டு, கிராணி உண்டு, மானேஜர் உண்டு. பங்குதாரன் என்பதற்காகப் பால் நிறுவையைப் பார்க்காமல் இருக்கலாமா? கூடாது. முதலாளி வெள்ளைக்காரனானாலும், உள்ளூர்க்காரனானாலும், நாமே சேர்ந்து அமைத்த சங்கமானாலும், தராசுக்கு முன்னே தொழிலாளி தொழிலாளிதான். பங்கு ஒரு கை, தொழிற்சங்கம் மறு கை. ஒரு கையை வெட்டிவிட்டு மற்றொன்றால் மட்டும் மரம் வெட்ட முடியாது. 1954-இல் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும், 1960-இல் நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்ததும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை. ஒன்று கூலிக்கு, மற்றொன்று மண்ணுக்கு.

இனி நமது வட்டாரத்துக்கு வருவோம். பாசிர் பெனம்பாங்கில் ஆற்றோரம் நின்று உட்பக்கம் பார்த்தால் என்ன தெரிகிறது? ஒரு காலத்தில் கித்தா மரங்கள் நின்ற இடமெல்லாம் செம்பனை. இந்நாட்டிலேயே வாணிபத்துக்காக முதன்முதல் செம்பனை பயிரிட்ட தென்னமரம் தோட்டம் நமது கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆண்டு 1917. மரம் மாறிற்று. பிறகு ஆளும் மாறினார்கள். கடல் கடந்து வந்த வேறு நாட்டுத் தொழிலாளர்கள் இன்று நாம் இருந்த இடத்தில் இருக்கிறார்கள், நம் முன்னோர் பட்ட பாட்டையே படுகிறார்கள். செம்பனையும் போய் வீட்டுமனையாகும் இடங்களும் பெருகி வருகின்றன. நாட்டின் ரப்பரில் மிகப்பெரும் பகுதி இன்று சிறுதோட்டக்காரரிடமிருந்தே வருகிறது.

வடசிலாங்கூரில் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்ற ஐந்து தோட்டங்களின் குடும்பங்களை நாம் அறிவோம். தோட்டம் கைமாறிய பின் சொந்த வீட்டுக்காக அவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் மனுக்கொடுத்தும் மன்றாடியும் காத்துக் கிடந்தார்கள். 1950-களில் நடந்தது துண்டாடல். அண்மைக்காலத்தில் நடப்பது மேம்பாடு. பெயர்தான் வேறு. நிலம் பிறனுடையதாக இருக்கும்வரை, அதன்மேல் நிற்கும் லயமும் பிறனுடையதே. தலைமுறைகளுக்கு முன்பு சம்பந்தன் தோட்டந்தோறும் சொன்ன பாடம் இதுதான். நாம்தான் பாதியில் கேட்டு எழுந்து போய்விட்டோம்.

அண்மையில் நமது வட்டாரத்துத் தோட்டமொன்றில் பழைய லயத்தைக் காலி செய்த நாளில் நாம் சென்றிருந்தோம். வயதான அம்மா ஒருவர் டிரங்குப் பெட்டியைத் திறந்து சாமான்களை வெளியே எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். கல்யாணப் படம், சிவப்பு அடையாளக்கார்டு, சாமி படம், இவற்றுக்கு அடியில் செல்லரித்த ஒரு பழுப்புக் காகிதம்.

"இது என்ன கடுதாசி, தம்பி? அவரு செத்து முப்பது வருசமாச்சு. பழைய ரசீதுன்னா கிழிச்சுப் போட்டுடறேன்" என்றார்.

வாங்கிப் பார்த்தோம். அவர் கணவர் கூட்டுறவில் எடுத்த பங்கு. வெட்டுச் சம்பளத்திலிருந்து தவணை தவணையாகக் கட்டியது. அவருக்கு மூன்று பிள்ளைகள். ஒருவர் லாரி ஓட்டுகிறார், ஒருவர் தொழிற்சாலையில் இருக்கிறார், ஒருவர் எழுத்து வேலையில் இருக்கிறார். மூவருக்கும் அந்தக் காகிதம் இருப்பது தெரியாது. அப்பா இந்நாட்டு நிலத்தில் ஒரு பங்குக்கு உரியவராக இருந்தார் என்பதும் தெரியாது.

"கிழிக்காதீங்கம்மா, பெரியவனைக் கூப்பிட்டுக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தோம். வரும் வழியெல்லாம் மனம் ஆறவில்லை. இப்படி எத்தனை பெட்டிகள்? எத்தனை காகிதங்கள் அடுப்பெரிந்திருக்கும்?

ஒரு பெரியவரின் நினைவைப் போற்றுவது என்றால் படத்துக்கு மாலை போடுவதோ, மே 18-ஆம் நாள் கூட்டம் போட்டுக் கலைவதோ அன்று. அவர் தொடங்கிய காரியத்தில் நம் பங்கைச் செய்வதே போற்றுதல். ஆகவே வாசகர்களிடம் சில வேண்டுகோள்கள் வைக்கிறோம்.

முதலாவது, உங்கள் வீட்டுப் பெட்டிகளையும் அலமாரிகளையும் இந்த வாரமே பாருங்கள். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா பெயரில் கூட்டுறவுப் பங்குப் பத்திரமோ, பணம் கட்டிய சீட்டோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். இறந்தவர் பெயரில் இருந்தால் மரணச் சான்றிதழையும் அடையாள ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குச் சென்று வாரிசு மாற்றம் பற்றிக் கேளுங்கள்.

இரண்டாவது, உயிரோடிருக்கும் உறுப்பினர்கள் தமக்குப் பின் பங்கு யாருக்கு என்று பெயர் குறித்துக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகளை அழைத்து விஷயத்தைச் சொல்லவும் வேண்டும்.

மூன்றாவது, கூட்டுறவில் ஒருவருக்கு ஒரு வாக்கு. பணக்காரக் கம்பெனியில் பங்கு எவ்வளவோ அவ்வளவு குரல். இங்கே அப்படியில்லை. நூறு வெள்ளிப் பங்குக்காரனும் கேள்வி கேட்கலாம். கூட்ட அறிவிப்பு வந்தால் மடித்து ஜன்னலில் சொருகாமல் போய் உட்காருங்கள், வரவுசெலவைக் கேளுங்கள். கேட்க ஆளில்லாத சங்கம் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு தொடங்கினாலும் நாளடைவில் சிலர் சொத்தாகிவிடும்.

தோட்டத்துக் கிராணிமார்களுக்கு ஒரு தனிச்சொல். படிக்கத் தெரிந்தவர் நீங்கள். பாரம் நிரப்பத் தெரிந்தவர் நீங்கள். ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, கோயில் முன்றிலில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, நாலு முதியவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தால், அதுவே தொழிலாளிக்கு நீங்கள் செய்யும் பெருந்தொண்டு.

நம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வோம். இன்று தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் பல்கலைக்கழகம் காண்கிறார்கள். கணக்கியலும் நிதித்துறையும் படித்து வங்கிகளில் அமர்கிறார்கள். பெற்றோர் உள்ளம் பூரிக்கிறது. அவர்கள் நன்றாகச் சம்பாதிக்கட்டும். ஆனால் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில், கடன் வாங்கியும் வட்டி கட்டியும் வீட்டை ஓட்டும் தம் உறவினருக்கு, சேமிப்பை எப்படிச் சேர்ப்பது, வீட்டுக்கடனை எப்படிப் படிப்பது, ஏமாற்றுத் திட்டத்தை எப்படி அடையாளம் காண்பது என்று அவர்களில் எத்தனை பேர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? விரைவில் இரட்டிப்பாக்கித் தருகிறோம் என்று வருகிற தரகனிடம் அம்மாவின் சங்கிலி போகிறது. பட்டதாரிப் பிள்ளை பட்டணத்தில் பிறர் கோடிகளுக்குக் காவல் இருக்கிறான்.

சம்பந்தன் கற்ற கல்வியும் அவ்வாறே பிறர் கோடிகளுக்குப் போயிருக்கலாம். அவருக்குச் சொந்த நிலம் இருந்தது, பெயர் இருந்தது, பதவி இருந்தது. அவற்றோடு நின்றிருந்தால் அவரும் வசதியாக வாழ்ந்து மறைந்த ஒரு பட்டதாரியாகவே இருந்திருப்பார். சகதிப் பாதையில் காரை நிறுத்திவிட்டு, லயத்து வாசலில் நின்று, மாதத்துக்குச் சில வெள்ளி கட்டு, இந்த மண்ணில் உனக்கும் ஒரு பங்கு வரும் என்று அவர் சொன்னதாலேயே நாம் அவரை நினைக்கிறோம்.

அவர் சொன்னது பலித்தது. ஆனால் முழுவதும் பலிக்கவில்லை. மிச்சம் நம் கையில் இருக்கிறது. முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள்.